நல்ல நாள் வாட்ச்

1996 மே 27, திங்கள்

அரசாங்கம் சனிக்கிழமை நாட்டின் கடிகாரங்களையெல்லாம் ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவிட்டது. மழை இல்லை, அணைகளில் தண்ணீர் இல்லை, ஆகவே கரண்டும் இல்லை. எல்லோரும் வெள்ளென எழும்பி வெள்ளெனப் படுக்க வேண்டுமாம். இன்று புது நேரத்தில் முதல் பாடசாலை நாள். உக்குவளைக்கு பஸ் ஏறும்போது இன்னும் இருட்டு. எட்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குப் பின்னம் படிப்பித்தேன். பாதி வகுப்பு தூங்கியது, மற்றப் பாதி தூங்குகிறவர்களைப் பார்த்துப் பொறாமைப்பட்டது. நான் மற்றப் பாதியின் பக்கம்.

வீட்டில் வேறு கதை. அண்ணன் அழகையா கூடத்துச் சுவர்க் கடிகாரத்தை யாரையும் தொட விடவில்லை. “ராகு காலத்துக்கு சர்க்குலர் போச்சா? எமகண்டத்துக்குப் போச்சா? அது மாறட்டும், நானும் மாத்துறேன்” என்கிறார். மிளகும் கராம்பும் விற்கிற கடையில் அவருக்குப் புது நேரம், வீட்டுக்குள் காலெடுத்து வைத்தால் பழைய நேரம். அண்ணி நல்லம்மா சோற்றை ரேடியோவைப் பார்த்தும் கறியைச் சுவரைப் பார்த்தும் வைக்கிறார். இன்று சோறு ஆறிப்போன பிறகுதான் கறி வந்தது.

1996 ஜூன் 4, செவ்வாய்

எனக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள். மறுபடியும்.

முப்பத்தேழு வயதில் இதைக் கேட்டு வெட்கப்படவா சிரிக்கவா என்று தெரியவில்லை. ஆள் உக்குவளை ஸ்டேஷனில் வேலையாம். யாழ்ப்பாணத்துக்காரர், பெயர் ஆறுமுகநாதன், வயது நாற்பத்திரண்டு. தங்கச்சிமாரைக் கரைசேர்த்துவிட்டு நிமிர்ந்தபோது தலை நரைத்துவிட்டதாம். என் கதையும் அதேதான், நரையை மட்டும் நான் கறுப்பாக்கிவிடுகிறேன்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. நிச்சயதார்த்தம் அன்று பெண்ணின் அண்ணன் மாப்பிள்ளையின் கையில் ஒரு வாட்ச் கட்டுவார். அது நல்ல நாளுக்கு மட்டும் கட்டுகிற வாட்ச். கல்யாணம், தேர், தீபாவளி, பொங்கல் என்றால் கைக்கு வரும், மற்ற நாளெல்லாம் பெட்டிக்குள். என் இரண்டு தங்கச்சிமாரின் மாப்பிள்ளைகளுக்கும் வாட்ச் தெரிவு செய்தது நான்தான். “காந்தாவுக்குக் கண் இருக்கு” என்று எல்லோரும் சொல்வார்கள். கண் இருந்து என்ன, அதெல்லாம் வேறு பெண்களின் மாப்பிள்ளைகள் கையில்தான் ஓடியது. இந்த முறை எனக்கு வேண்டும். இதை இங்கே மட்டும்தான் எழுத முடியும்.

1996 ஜூன் 9, ஞாயிறு

நாளைக்குப் பாடசாலையில் றமீஸா டீச்சரிடம் சொல்லும்போது கூட்டிக் குறைத்துச் சொல்லாமலிருக்க, ஒழுங்காக எழுதிவைக்கிறேன்.

பெண் பார்க்க ஒன்பது மணிக்கு வரச் சொல்லியிருந்தார் அண்ணன். அப்போது சுவரில் எட்டு. தலை நிறைய நல்லெண்ணெய், அண்ணியின் பழைய ஹவுஸ்கோட்டை இடுப்பில் தூக்கிச் செருகிக்கொண்டு முற்றம் கழுவிக்கொண்டிருந்தேன். கேற்றடியில் ஒருவர். வெள்ளைச் சேர்ட், பையில் பேனை, கையில் சின்னக் கொப்பி. வீட்டு இலக்கத்தைப் பார்க்கிறார், கொப்பியைப் பார்க்கிறார். வேறு யாராக இருக்க முடியும்?

“மீட்டர் பின்னால இருக்கு, வாங்க” என்றேன். “ஞாயித்துக்கிழமையும் வேலை வாங்குறாங்களா? பாவம்.”

அவர் வாயைத் திறந்தார். மூடினார். என் பின்னாலேயே வந்தார். மீட்டர் பெட்டியில் குளவி கூடு கட்டியிருந்தது. விளக்குமாற்றை அவர் கையில் கொடுத்து நான் எட்ட நின்றுகொண்டேன். மனிதர் குளவியைத் துரத்தி, பெட்டியைத் திறந்து, “ஏழு, நாலு, ஒண்டு, ரெண்டு” என்று வாசித்துக் கொப்பியில் எழுதவும் செய்தார்.

“நாலா, ஒம்பதா? நல்லாப் பாருங்க” என்று டீச்சர் குரலில் கேட்டேன்.

“நாலுதான். ஆனா நான் றெயில்வே. ஆறுமுகநாதன். ஒன்பது மணிக்கு வரச் சொன்னவை.”

அந்த நேரம் பார்த்து அவருடைய அக்கா சந்திரவதனா கையில் வாழைப்பழச் சீப்போடு வாசலில் வந்து நின்றார். சந்தியில் பழம் வாங்கிவிட்டு வருகிறாராம், வீட்டைக் கண்டுபிடிக்கத் தம்பி முன்னால் வந்தாராம். தம்பி கையில் விளக்குமாறு. நான் ஓடிய ஓட்டத்தில் வாளி கவிழ்ந்தது.

ரயில்காரருக்கு அரசாங்கத்தின் ஒன்பது, அண்ணனுக்குச் சுவரின் ஒன்பது. நல்ல நேரம் வரும்வரை ஒரு மணி நேரம் இருவரையும் கூடத்தில் உட்காரவைத்து மழை இல்லாததைப் பற்றிப் பேசினார் அண்ணன். பிறகு நான் சேலை கட்டி, பூ வைத்து, தேத்தண்ணீர்த் தட்டோடு தலைகுனிந்து வந்தேன். அவர் என்னை அப்போதுதான் முதன்முறை பார்ப்பதுபோல் பார்த்தார். நல்ல நடிகர்.

1996 ஜூன் 10, திங்கள்

சம்மதமாம். மீட்டரைப் பார்த்துவிட்டுச் சம்மதம் சொன்ன மாப்பிள்ளை எனக்குத் தெரிந்து இவர் ஒருவர்தான்.

1996 ஜூன் 22, சனி

இன்று வாட்ச் வாங்கினோம். மாத்தளை பஜாரில் சாலிஹ் நானாவின் கடை. அண்ணன், நான், துணைக்கு றமீஸா.

சாலிஹ் நானா கண்ணாடிப் பெட்டிக்குள் வாட்ச்களை இரண்டு வரிசையாக அடுக்கியிருந்தார். வலது வரிசை புது நேரம், இடது வரிசை பழைய நேரம். “எந்த நேரம் வேணும் தங்கச்சி? நம்மகிட்ட ரெண்டும் இரிக்கி” என்றார்.

அண்ணன் கண் போன இடம் எனக்குத் தெரியும். மஞ்சள் தங்க நிறத்தில், தேங்காய் அளவில் ஒன்று. சுற்றிக் கல், உள்ளே நட்சத்திரம், தேதிக்கு ஒரு சன்னல், எதற்கென்று தெரியாத இன்னும் இரண்டு முள். “மண்டபத்துல கடைசி வரிசையில இருக்குறவனுக்கும் தெரியணும்” என்றார். கடைசி வரிசைக்காரனா என்னோடு குடும்பம் நடத்தப்போகிறான்?

நான் பார்த்தது மூலையில் இருந்த ஒன்றை. வெள்ளை முகம், கறுப்பு இலக்கம், மெல்லிய முள், பழுப்புத் தோல் வார். சாவி கொடுக்கிற ரகம். தினமும் கட்டாவிட்டாலும் பரவாயில்லை, கட்டுகிற அன்று காலையில் சாவி கொடுத்து எழுப்பலாம். பார்த்தவுடன் மனம் அதில் போய் உட்கார்ந்துவிட்டது. ஆனால் நேரே கேட்டால் அண்ணன் தரமாட்டார். அவரைத் தெரியாதா எனக்கு?

“அந்தப் பெரிசே நல்லா இருக்கு அண்ணே” என்றேன். “ஆனா அவரு கை ரொம்ப ஒல்லி. அத கட்டினா முழங்கை வரைக்கும் ஏறிப்போகும். மேடையில கையைத் தூக்கினா தோளுக்கே வந்துரும்.”

“உனக்கெப்படித் தெரியும் ஒல்லின்னு?”

“மீட்டர் எழுதும்போது பார்த்தேன்.”

றமீஸா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டாள். உண்மையில் அவர் கை நல்ல தடித்த கை. குளவியை அடித்தபோது நன்றாகவே பார்த்தேன். சாலிஹ் நானா என்னை ஒரு பார்வை பார்த்தார். வியாபாரிக்குத் தெரியாதது எது? “ஒல்லிக் கைக்கு இதுதான் ராஜா” என்று மூலையிலிருந்த வாட்சை எடுத்து அண்ணன் முன்னால் வைத்தார். அல்லாஹ் அவருக்கு நூறு வயது கொடுக்கட்டும்.

1996 ஜூலை 7, ஞாயிறு

நிச்சயதார்த்தம் முடிந்தது. அண்ணன் வாட்சைக் கட்டினார். வார் கடைசித் துளைக்குத்தான் எட்டியது. “ஒல்லின்னியே?” என்று அண்ணன் என் காதில் முணுமுணுத்தார். “சந்தோஷத்துல சதை போட்டிருக்கும்” என்றேன்.

இன்னொரு வேலையும் பார்த்தேன். காலையில் பெட்டியைத் திறந்து முள்ளைப் பழைய நேரத்துக்குத் திருப்பிவைத்தேன். வாட்சோ நல்ல நாளுக்குக் கட்டுவது, நல்ல நேரமோ பழைய நேரம். இனி எந்த வீட்டுக்கும் ஒரு மணி நேரம் முந்திப்போய் எண்ணெய்த் தலைகளைப் பார்க்கமாட்டார் அல்லவா?

அவர் தன் ரயில்வே வாட்சையும் இதையும் மாறிமாறிப் பார்த்தார். முகம் வாடியது. “இது பிழையான நேரம் காட்டுது” என்றார் மெதுவாக.

“அது பிழையில்ல, நல்ல நேரம். திருப்பக்கூடாது, நிக்காம தினமும் சாவி கொடுக்கணும்” என்றேன்.

“பிழையான நேரத்தில ஓடுற மணிக்கூட்டைக் கட்டினா எனக்குக் கை கூசும்.”

“பழகிரும்.”

திருப்பவில்லை. நான் சொன்னதற்காக ஒரு ரயில்காரர் தப்பான நேரத்தைக் கையில் கட்டிக்கொண்டு போகிறார். ராணி மாதிரி இருக்கிறது எனக்கு. கல்யாணம் ஆவணியில், செப்டம்பர் 8.

1996 ஜூலை 25, வியாழன்

நேற்று தெகிவளையில் ரயிலில் குண்டு. வேலை முடிந்து வீட்டுக்குப் போன சனங்கள். ரேடியோ எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போகிறது. அவர் அந்தப் பாதையில் இல்லை, உக்குவளையில்தான் இருந்தார். தெரிந்தும் ரேடியோவை விட்டு நகரவில்லை. இன்று பஸ்ஸில் என் பையை மூன்று இடத்தில் கொட்டிப் பார்த்தார்கள்.

1996 ஆகஸ்ட் 26, திங்கள்

நேற்று எழுத முடியவில்லை. என்ன செய்துவிட்டேன் நான்!

நேற்று நாலந்தாவில் அவருடைய கூட்டாளி வீட்டுக் கல்யாணம். நல்ல நாள் வாட்சைக் கட்டிக்கொண்டு போயிருக்கிறார். திரும்பி வரும் வழியில் சோதனைச் சாவடியில் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கினார்களாம். அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம். அதோடு போயிருந்தால் நாலு கேள்வியோடு விட்டிருப்பார்கள். கையைப் பார்த்திருக்கிறார்கள். வாட்சில் ஒரு மணி நேரம் பின்னால். வடக்கில் அரசாங்கத்தோடு சண்டை போடுகிற இயக்கத்தின் பகுதிகளில் புது நேரத்தை ஏற்கவில்லை, அங்கே இன்னும் பழைய நேரம். “நீ எந்த நாட்டு நேரத்தைக் கட்டியிருக்கிறாய்?” என்று கேட்டுப் பிடித்துவைத்துக்கொண்டார்கள்.

அதே பஸ்ஸில் சாலிஹ் நானா இருந்திருக்கிறார். நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார். “மாப்பிளய எறக்கிட்டாங்க தங்கச்சி. நான் வித்த வாச்சால” என்று அழுதார். நீங்க வித்ததால இல்ல நானா, நான் திருப்பினதால. நாந்தான். இந்தக் கொழுப்பெடுத்த கைதான்.

அண்ணனும் நானும் சாவடிக்கு ஓடினோம். வெகுநேரம் வெளியே நிறுத்திவைத்துவிட்டுத்தான் விட்டார்கள். உள்ளே ஒரு சார்ஜன்ட். மேசையில் வாட்ச், தனியாக, ஒரு காகிதத்தின் மேல். அவரை உள்ளறையில் வைத்திருந்தார்கள். அண்ணனுக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு, ஆனால் நேற்று என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டார். நான்தான் பேசினேன்.

“மாத்தயா, அந்த நேரத்தை வைத்தது நான். அவர் வைக்கவில்லை. எங்கள் வீட்டில் நல்ல காரியத்துக்குப் பழைய நேரம்தான் பார்ப்போம். உங்கள் வீட்டில் நெக்கத் முகூர்த்தம் எந்த நேரத்தில் பார்க்கிறீர்கள்?”

சார்ஜன்ட் அதட்டவில்லை. நான் என்ன வேலை என்று கேட்டார். கணக்கு டீச்சர் என்றேன். சற்று நேரம் பேனையை உருட்டினார். பிறகு கதவுப் பக்கம் பார்த்துவிட்டு, மேசை இலாச்சியிலிருந்து ஒரு துண்டை எடுத்து என் பக்கம் தள்ளினார்.

“இதைப் பாருங்கள். போன திங்கட்கிழமை என் புது வீட்டுக்கு அடிக்கல் வைத்தேன். சாத்திரக்காரர் பழைய நேரத்தில் 9.42 என்று கொடுத்தார். நான் அதிலிருந்து ஒரு மணி நேரத்தைக் கழித்துப் புது நேரம் 8.42க்கு வைத்தேன். மனைவி கூட்ட வேண்டும் என்று ஒரு வாரமாகச் சண்டை. நான் செய்தது சரிதானே?”

பிழை. கழித்திருக்கக் கூடாது, கூட்ட வேண்டும். புது நேரம் 10.42க்கு வைத்திருக்க வேண்டிய கல். அவர் வைத்தபோது பழைய நேரம் 7.42. திங்கட்கிழமை ஏழரை முதல் ஒன்பது ராகு காலம். மனிதர் ராகு காலத்துக்குள்ளேயே கல்லை இறக்கியிருக்கிறார்.

அண்ணன் வாயெடுக்கப் போனார். பஞ்சாங்கம் கரைத்துக் குடித்தவர் அல்லவா? அவர் காலை மிதித்தேன்.

“சரிதான் மாத்தயா” என்றேன். “ரொம்ப நல்ல நேரம்.”

பதினான்கு வருடமாகக் கணக்குப் படிப்பிக்கிறேன். தெரிந்தே பிழையான விடைக்குச் சரி போட்டது நேற்றுத்தான்.

சார்ஜன்ட் நிமிர்ந்து உட்கார்ந்தார். முகம் மலர்ந்துவிட்டது. வாட்சை எடுத்துத் தானே புது நேரத்துக்குத் திருப்பினார். உக்குவளை ஸ்டேஷனுக்கு டெலிபோன் எடுத்து விசாரித்தார். அரை மணியில் விட்டுவிட்டார்கள். அவர் வெளியே வந்தபோது சேர்ட்டின் மேல் பொத்தான் இல்லை. என்னைப் பார்த்தார், வாட்சை எடுத்துக் கையில் கட்டாமல் பையில் போட்டார். அண்ணன் கூட்டிக்கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார்.

1996 ஆகஸ்ட் 28, புதன்

அவருடைய அக்கா கடைக்கே வந்து அண்ணனிடம் வாட்ச் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனாராம். “என்ர தம்பி உயிரோட இருந்தாக் காணும்” என்றாராம். அண்ணன் பெட்டியைச் சாமியறையில் வைத்துவிட்டுச் சாப்பிடாமல் படுத்திருக்கிறார். வாட்சைத் திருப்பினால் சம்பந்தத்தைத் திருப்பியது போலத்தான்.

அவர் அக்காவில் என்ன பிழை? நான் அவருடைய அக்காவாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

1996 ஆகஸ்ட் 30, வெள்ளி

செய்தி இல்லை. இன்று முழுக்க ஒரு பகிடிகூட வாயில் வரவில்லை. அண்ணி எனக்குக் காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

1996 செப்டம்பர் 1, ஞாயிறு

அவர் வந்தார். தனியாக. சுவர்க் கடிகாரத்தின்படியா ரயில் கடிகாரத்தின்படியா என்று தெரியாது, நான் பார்க்கவில்லை. இந்த முறையும் தலையில் எண்ணெய்.

அண்ணன் உள்ளே கூப்பிட்டும் வராமல் முற்றத்திலேயே நின்றார். நான் எதிரே போய் நின்றேன். பேசிப்பார்த்து வைத்த மன்னிப்பெல்லாம் மறந்துவிட்டது. “நாந்தான் திருப்பினேன். விளையாட்டுக்குத்தான். என்னய வேணாம்னா நேரா சொல்லிருங்க” என்றேன்.

“அங்க அஞ்சு மணித்தியாலம் வைச்சிருந்தவங்கள்” என்றார். “கேட்டது ஒண்டுதான். ஆர் உனக்கு இந்த நேரம் வைச்சுத் தந்தது எண்டு. நான் சொல்லேல்ல.”

“ஏன்? சொல்லியிருந்தா விட்டிருப்பாங்களே!”

“சொன்னா உம்மையும் கொண்டு வருவாங்கள். நான் அஞ்சு மணித்தியாலமா மறைச்சதை நீர் வந்து அஞ்சு நிமிஷத்தில சொல்லிப்போட்டீர். எனக்கு அறைக்குள்ள கேட்டது.”

சிரித்தாரா என்று பார்க்க முடியவில்லை, நான் அழுதுகொண்டிருந்தேன். வாய்விட்டு, அசிங்கமாக, பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப்பார்க்கும்படி அழுதேன். இந்த மனிதருக்காகத்தான் அழுகிறேன், கல்யாணத்துக்காக அல்ல என்று அப்போது தெரிந்தது.

அக்கா பெட்டியைத் திருப்பிக் கொடுத்தது அவரைக் கேட்காமலாம். “அக்காவோட நான் கதைச்சிட்டன். எட்டாந் திகதி வருவா. ஆனா முகத்தைத் தூக்கிக்கொண்டுதான் இருப்பா” என்றார். பெட்டியைத் தரச் சொன்னார். சாமியறையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். திறந்து பார்க்காமல் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனார்.

1996 செப்டம்பர் 8, ஞாயிறு

கல்யாணம். வந்தவர்களில் பாதிப்பேர் ஒரு மணி நேரம் முந்தி, மீதிப்பேர் சரியாக, இரண்டு பேர் இரண்டு மணி நேரம் முந்தி. அந்த இருவரும் சார்ஜன்டின் கணக்குப் போட்டிருப்பார்கள். சந்திரவதனா அக்கா முகத்தைத் தூக்கிக்கொண்டுதான் இருந்தார், பாயாசம் வரும்வரை. மாப்பிள்ளை கையில் வாட்ச் இல்லை. அண்ணன் கேட்கப்போனார். நான் கண்ணால் வேண்டாம் என்றேன்.

1996 நவம்பர் 10, தீபாவளி

உக்குவளை ரயில்வே குவாட்டர்ஸ். முறுக்கு கருகிவிட்டது, அவர் நன்றாக இருக்கிறது என்று நாலு தின்றார். இன்னும் நடிக்கிறார்.

போன மாதம் அரசாங்கம் தள்ளிய ஒரு மணி நேரத்தில் அரை மணியைத் திருப்பிக் கொடுத்துவிட்டது. அண்ணன் வீட்டுச் சுவருக்கும் நாட்டுக்கும் இப்போது அரை மணிதான் சண்டை.

அவர் இப்போது கையில் எதுவும் கட்டுவதில்லை. ரயில்வே வாட்சையும் கழற்றி இலாச்சியில் போட்டுவிட்டார். ஸ்டேஷனில் சுவர்க் கடிகாரம் இருக்கிறது, சமாளித்துக்கொள்கிறார். வெளியே போனால் என்னைத்தான் கேட்கிறார். அவரே கட்டிவிட்ட நல்ல நாள் வாட்ச் இப்போது என் கையில் ஓடுகிறது. வாருக்கு இன்னும் இரண்டு துளை போட்டுக் கட்டியிருக்கிறேன், எல்லா நாளும் கட்டுகிறேன். அவர் கேட்கும்போதெல்லாம் பத்து நிமிடம் கூட்டிச் சொல்வேன், இருபது நிமிடம் குறைத்துச் சொல்வேன். “ஐயோ, ட்ரெயின்!” என்று செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடுவார். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பேன். திட்டுவார், மறுபடியும் என்னிடம்தான் கேட்பார்.

இன்று காலை முத்துமாரியம்மன் கோயிலுக்கு மாத்தளை போனோம். வழியில் பஸ்ஸை நிறுத்தி இறக்கினார்கள். வரிசையில் அவர் எனக்கு முன்னால் நின்றார். புதுச் சேர்ட், இரண்டு கையும் வெறுமையாக, முன்னுக்கு நீட்டியபடி. பிறகு திரும்பாமலே மெதுவாகக் கேட்டார், “காந்தா, இப்ப என்ன நேரம்?”

சரியான நேரத்தைச் சொன்னேன்.